கிட்டே போனால் மங்கும் தரை: டெரெய்னுக்கு டீட்டெயில் டெக்ஸ்சர் செய்யும் முறை

1 கிலோமீட்டருக்கு 1 கிலோமீட்டர் அளவில் கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு ஒரு செம்மண் நிலம் (டெரெய்ன்) செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மேலிருந்து பார்த்தால் குறையே இல்லை. மண்ணின் சிவப்பு, ஓடை போன தடம், புல் திட்டு எல்லாம் ஒரு 4096 பிக்சல் நிறப் படத்தில் வந்துவிட்டன. கேமராவை ஆள் உயரத்துக்கு இறக்கியதும் அதே தரை மங்கிக் குழைந்துபோகிறது. காரணம் வெறும் கணக்குதான். 1024 மீட்டரை 4096 பிக்சலால் மூடினால் ஒரு பிக்சல் 25 சென்டிமீட்டர், அதாவது நிற்கும் பாதத்துக்கு அடியில் முழுக்க ஒரே நிறம். 1.7 மீட்டர் உயரத்தில் நின்று 90 டிகிரி பார்வைக் கோணத்தில் நேராகக் கீழே பார்த்தால் திரையின் அகலத்தில் 3.4 மீட்டர் தரை தெரியும்; 1920 பிக்சல் திரைக்கு மீட்டருக்கு 565 பிக்சல் வேண்டும். நாம் கொடுத்தது 4.

சரி, அப்படியானால் படத்தையே பெரிதாக்கிவிடலாமே என்றால் முடியாது. மீட்டருக்கு 512 பிக்சல் என்று வைத்தால் பக்கத்துக்கு 5,24,288 பிக்சல் வரும், பிக்சலுக்கு அரை பைட் என்று சுருக்கினாலும் 128 ஜிபி. ஐடி சாஃப்ட்வேர் 2011-ல் வெளியிட்ட ரேஜ் விளையாட்டில் நிலம் முழுவதையும் எங்கும் திரும்ப வராத ஒரே மாபெரும் டெக்ஸ்சராக (பரப்பின் மேல் போர்த்தும் படமாக) தீட்டிப் பார்த்தார்கள். தூரத்துக் காட்சி அற்புதமாக இருந்தது, கிட்டே நின்றால் மங்கல்தான்.

அதனால்தான் 1998-ல் வந்த அன்ரியல் விளையாட்டிலேயே இருந்த பழைய வழி இன்னும் உயிரோடு இருக்கிறது: பெரிய நிறப் படம் ஒன்று அடியில், அதன் மேல் 2 மீட்டருக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும் ஒரு சின்னச் சாம்பல் நிறப் படம். அந்தச் சின்னப் படம்தான் டீட்டெயில் டெக்ஸ்சர். 1024 பிக்சலை 2 மீட்டருக்கு விரித்தால் மீட்டருக்கு 512 பிக்சல் கிடைத்துவிடுகிறது, ஒரு எம்பி கூட ஆகாது.

இதில் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் போதும், மற்ற எல்லா முடிவுகளும் அதிலிருந்து தானாக வரும். டீட்டெயில் டெக்ஸ்சருக்கு நிறமும் கூடாது, பெரிய உருவமும் கூடாது. மண்ணின் பரல், பொருக்கு, சிறு கல் இவற்றின் கூடுதல் குறைச்சல் மட்டும் அதில் இருக்க வேண்டும். செம்மண்ணின் சிவப்பு அடியில் உள்ள நிறப் படத்தின் வேலை. அப்படிப் பிரித்து வைத்தால் ஒரே பரல் படத்தைச் சிவந்த மேட்டுக்கும் சாம்பல் நிறக் களர் நிலத்துக்கும் போடலாம், இரண்டும் வேறு வேறு மண்ணாகவே தெரியும்.

படம் எடுப்பது

தயாராகக் கிடைப்பதை எடுத்துக்கொள்வதில் தப்பில்லை. பாலி ஹேவன், ஆம்பியன்ட்சிஜி இரண்டிலும் சிசி0 உரிமத்தில் (யாரும் எதற்கும் பயன்படுத்தலாம்) நல்ல தரைப் படங்கள் இருக்கின்றன, விற்கும் விளையாட்டிலும் போடலாம். ஆனால் உங்கள் விளையாட்டின் நிலம் நீங்கள் நடந்து பழகிய நிலம் என்றால் அதை நீங்களே எடுப்பதுதான் சிறந்தது என்பேன். நம் செம்மண்ணில் மழை ஓடிக் காய்ந்த பிறகு மேலே தங்கும் பொடிச் சரளை இருக்கிறதே, அது வெளிநாட்டுத் தொகுப்புகளில் அவ்வளவு சரியாகக் கிடைப்பதில்லை.

செல்போனே போதும். வெயில் விழும் நேரத்தில் மட்டும் எடுக்காதீர்கள், ஏனென்றால் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு பக்கம் நிழல் பதிந்துவிட்டால் விளையாட்டில் சூரியன் எந்தத் திசையில் இருந்தாலும் அந்த நிழல் அங்கேயே கிடக்கும். மேகம் மூடிய நாள், அல்லது சூரியன் எழுவதற்குக் கொஞ்சம் முன்பு, இரண்டும் இல்லையென்றால் கட்டடத்தின் நிழல் முழுதாக விழும் இடம். போனைத் தரைக்கு நேர் இணையாகப் பிடியுங்கள். மெயின் கேமராவில் 1.5 மீட்டர் உயரத்தில் இருந்து எடுத்தால் ஏறக்குறைய 2 மீட்டருக்கு 1.5 மீட்டர் தரை படத்தில் வரும். அல்ட்ராவைட் வேண்டாம், ஓரங்கள் இழுபட்டுவிடும். எக்ஸ்போஷரையும் வொயிட் பேலன்ஸையும் பூட்டிவிடுங்கள். ஓரத்தில் ஒரு அளவு டேப்பை விரித்து வைத்தால் பின்னால் எத்தனை பிக்சல் ஒரு மீட்டர் என்று தெரியும். இதை நிறைய பேர் விட்டுவிட்டு, கடைசியில் குண்டுமணி அளவுப் பரலைக் கோழிமுட்டை அளவுக்குத் தரையில் போட்டுவிடுகிறார்கள்.

முடிந்தால் ரா வடிவில் (போன் பதப்படுத்தாத கோப்பாக) எடுங்கள். போன் தானாகவே படத்தைக் கூராக்கும்போது ஒவ்வொரு பரலைச் சுற்றியும் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று விழும். நாம் கான்ட்ராஸ்ட்டை ஏற்றும்போது அந்தக் கோடுதான் முதலில் எட்டிப் பார்க்கும்.

பெரிய உருவங்களைக் கழிப்பது

கிம்ப் என்ற இலவசப் பட மென்பொருளில் செய்வதைச் சொல்கிறேன், ஃபோட்டோஷாப்பிலும் இதே தான். படத்தை முதலில் கறுப்பு வெள்ளையாக்குங்கள். 1.5 மீட்டர் பக்கம் 2048 பிக்சலாக வரும்படி அளவைக் குறையுங்கள், ஆனால் இன்னும் சதுரமாக வெட்டவேண்டாம். ஓரத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கட்டும், ஏன் என்று இப்போது தெரியும்.

லேயரை ஒரு பிரதி எடுத்து, அதற்கு காஸியன் பிளர் 60 பிக்சல் கொடுத்து, லேயர் மோடை 'கிரெய்ன் எக்ஸ்ட்ராக்ட்' என்று மாற்றுங்கள். அசலில் இருந்து மங்கலைக் கழித்து 128-ஐக் கூட்டுகிறது இந்த மோடு. ஹை பாஸ் ஃபில்டர் என்று தனியாக இருப்பதும் இந்த வேலையைத்தான் செய்கிறது. இப்போது ஒரு பக்கம் இருட்டு, நடுவில் ஈரத் திட்டு, லென்ஸால் மூலைகளில் வந்த கறுப்பு எல்லாம் போய், ஒரே சீரான சாம்பல் பரப்பில் பரல் மட்டும் நிற்கும். 60 என்பது வேதவாக்கு இல்லை. 10 முதல் 15 சென்டிமீட்டருக்கு மேல் பெரிதான எதுவும் மிஞ்சக்கூடாது என்பதுதான் இலக்கு, உங்கள் படத்தின் அளவுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். பிளர் செய்யும்போது படத்தின் ஓரத்தில் வெளியே பிக்சல் இல்லாததால் அங்கே கணக்கு கெட்டுப்போகும், அதனால்தான் மிச்சம் வைத்திருந்தோம். இப்போது அந்த ஓரத்தை வெட்டி எறிந்து சதுரமாக்கலாம்.

அப்புறம், கண்ணில் தனியாகப் படும் எதையும் எடுத்துவிடுங்கள்: வெள்ளைக் கூழாங்கல், காய்ந்த இலை, குச்சி, எறும்புப் புற்று, செருப்புத் தடம். தனியாகப் பார்த்தால் அந்த வெள்ளைக் கல்தான் படத்துக்கே உயிர் என்று தோன்றும், ஆனால் 2 மீட்டருக்கு ஒருமுறை அதே கல் வரிசையாக நின்றால் தரை செத்துவிடும். ஹீலிங் பிரஷ்ஷால் அழித்துவிட்டு, வேண்டிய கற்களைத் தனி மெஷ்ஷாகவோ (முப்பரிமாண உருவம்) டீகலாகவோ (மேலே ஒட்டும் படம்) நிலத்தின் மேல் தூவிக்கொள்ளலாம்.

கரிசல் மண்ணின் வெடிப்பு பற்றிப் பலர் கேட்கிறார்கள். வெடிப்பு டீட்டெயில் டெக்ஸ்சருக்கு ஏற்றதல்ல. அந்தப் பலகோணங்களின் உருவம் கண்ணில் உடனே பதிந்துவிடும், இரண்டாவது முறை வரும்போதே அடையாளம் தெரியும். வெடிப்பை அதற்கென்று தனி லேயராக, 6 அல்லது 8 மீட்டர் அளவில் பெரிய படமாகச் செய்து, வெடித்த இடங்களில் மட்டும் தீட்டுங்கள். டீட்டெயிலில் அந்த மண்கட்டியின் மேற்பரப்புச் சொரசொரப்பு மட்டும் போதும்.

விளிம்பும் சராசரியும்

ஹை பாஸை முதலில் செய்ததில் ஒரு லாபம் இருக்கிறது. வெளிச்ச வித்தியாசம் போய்விட்டதால் விளிம்புகளைச் சேர்ப்பது பாதி முடிந்த மாதிரிதான். படத்தைப் பாதி அகலம், பாதி உயரம் நகர்த்தி, நடுவில் சிலுவை போலத் தெரியும் ஒட்டுத் தடத்தை குளோன் பிரஷ்ஷால் மறையுங்கள். கிரிட்டா என்ற வரையும் மென்பொருளில் டபிள்யூ விசையை அழுத்தினால் படம் நாலாபக்கமும் திரும்ப வரும்படி விரிந்து நிற்கும், அதிலேயே தீட்டலாம், எனக்கு அதுதான் வசதி. முடித்ததும் 8 × 8 ஆக அடுக்கி, சிறிதாக்கி, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். கட்டம் கட்டமாக ஏதாவது தெரிந்தால் எங்கோ ஒரு பெரிய உருவம் இன்னும் ஒளிந்திருக்கிறது.

அடுத்தது சராசரி. ஹிஸ்டோகிராம் பெட்டியைத் திறந்தால் 'மீன்' (Mean, சராசரி) என்று ஒரு எண் இருக்கும், அது 127 அல்லது 128 ஆக இருக்க வேண்டும். இதைச் சும்மா ஒரு சம்பிரதாயம் என்று நினைத்துவிடாதீர்கள். மிப்மேப்கள், அதாவது தூரத்தில் காட்ட எஞ்சின் வைத்திருக்கும் சிறிய பிரதிகள், ஒவ்வொரு படியிலும் நாலு பிக்சலைச் சராசரியாக்கிக்கொண்டே போய்க் கடைசியில் அந்த ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன. சராசரி 140 என்றால் டீட்டெயில் இருக்கும் இடமெல்லாம் தரை 10 சதவீதம் வெளுத்துவிடும்; டீட்டெயில் மறையும் தூரத்தில் நிறம் மாறி, ஆட்டக்காரரைச் சுற்றி ஒரு வெளிர் வட்டம் அவர் கூடவே நகர்ந்துகொண்டிருக்கும்.

ஸ்டாண்டர்ட் டீவியேஷன் (சராசரியில் இருந்து எவ்வளவு சிதறுகிறது) என்ற எண்ணும் அங்கேயே இருக்கும். செம்மண்ணுக்கு 18 முதல் 25 வரை எனக்குப் பிடித்த அளவு. அதற்கு மேல் ஏற்றினால் படம் தனியாகப் பார்க்க நன்றாக இருக்கும், தரையில் போட்டால் உப்பும் மிளகும் கொட்டிய மாதிரி ஆகிவிடும்.

ஷேடரில் சேர்ப்பது

ஷேடர் என்பது ஒவ்வொரு பிக்சலின் நிறத்தையும் கணக்கிடும் சின்ன நிரல். அதில் எழுதும் சூத்திரம் எளிது: அடி நிறம் × டீட்டெயில் × 2. சாம்பல் 0.5 என்றால் பெருக்கல் 1 ஆகி நிறம் அப்படியே நிற்கும். அதைவிட வெளுத்த பிக்சல் நிறத்தை ஏற்றும், கறுத்தது இறக்கும்.

அதிகம் பேர் சறுக்குவது டெக்ஸ்சரை உள்ளே கொண்டுவரும் இடத்தில்தான். எஸ்ஆர்ஜிபி என்ற குறியை (படம் திரைக்கான நிறம் என்று எஞ்சினுக்குச் சொல்வது) எடுத்துவிடுங்கள். இது நிறம் அல்ல, தரவு. அந்தக் குறி இருந்தால் எஞ்சின் 0.5-ஐ சுமார் 0.21 ஆக்கிவிடும், இரண்டால் பெருக்கினாலும் 0.43 தான் வரும், தரை பாதிக்கு மேல் இருண்டுவிடும். இருட்டைப் பார்த்து நிறப் படத்தை வெளுக்க வைத்து, அப்புறம் சூரியனைக் கூட்டி, ஒன்றுக்கொன்று தப்பாகச் சரிக்கட்டிக்கொண்டே போவார்கள், மூலக் காரணம் ஒரே ஒரு டிக். யூனிட்டி எஞ்சினின் பழைய ஸ்டாண்டர்ட் ஷேடர் லீனியர் முறையில் 2-க்குப் பதில் 4.59-ஆல் பெருக்குவது இதை ஈடுகட்டத்தான். அந்த ஷேடரைப் பயன்படுத்தினால் குறி இருக்கட்டும், சொந்த ஷேடர் எழுதினால் எடுத்துவிடுங்கள்.

எவ்வளவு தூரம் வரை டீட்டெயில் வேண்டும்? 1920 பிக்சல் திரையில் 90 டிகிரி கோணத்தில் 10 மீட்டர் தள்ளி ஒரு பிக்சல் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர். அதற்கு அப்பால் 1 சென்டிமீட்டர் பரல் பிக்சலுக்குள்ளே அடங்கிவிடுகிறது, வைத்திருந்தால் மினுமினுப்புதான் மிச்சம். 8 மீட்டரில் மங்க ஆரம்பித்து 25 மீட்டரில் முழுக்க மறையும்படி வையுங்கள். அன்ரியல் எஞ்சினில் பிக்சல் டெப்த் நோடை வைத்து, யூனிட்டியிலும் கோடோ எஞ்சினிலும் கேமரா தூரத்தை வைத்து, டீட்டெயிலுக்கும் 0.5-க்கும் இடையே லெர்ப் செய்தால் (படிப்படியாகக் கலந்தால்) போதும். யூனிட்டியின் டெக்ஸ்சர் அமைப்பிலேயே மிப்மேப்பைச் சாம்பலாக மங்க வைக்கும் தேர்வும் இருக்கிறது, சின்ன வேலைக்கு அதுவே காணும்.

மண், சரளை, புல், மணல் என்று நாலு வகைத் தரை இருந்தால் நாலு டீட்டெயிலையும் தனித்தனியாகப் படிக்காதீர்கள். நாலும் சாம்பல் படங்கள்தானே, ஒரே டெக்ஸ்சரின் நாலு சேனலில் அடைத்துவிடலாம். எந்த இடத்தில் எந்தத் தரை என்று சொல்லும் ஸ்பிளாட் மேப்பிலும் நாலு சேனல் இருக்கிறது. ஒருமுறை படித்து, இரண்டையும் டாட் பிராடக்ட் எடுத்தால் (சேனலுக்குச் சேனல் பெருக்கிக் கூட்டினால்) கலந்த டீட்டெயில் கையில் வந்துவிடும். நாலுக்கும் ஒரே டைல் அளவு (எத்தனை மீட்டருக்கு ஒருமுறை படம் திரும்புகிறது) என்பது மட்டும்தான் கட்டுப்பாடு. நான் இந்த முறையில்தான் ஆரம்பிக்கச் சொல்வேன்.

நார்மல் மேப்

நார்மல் மேப் என்பது பரப்பு ஒவ்வொரு புள்ளியிலும் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொல்லும் படம், வெளிச்சம் அதன்படி விழும். கறுப்பு வெள்ளைப் படத்தை அப்படியே உயரமாக எடுத்து நார்மல் மேப் ஆக்கும் கருவிகள் ஏராளம், மென்மையான மண்ணுக்கு அது ஓடும், ஆனால் அதில் ஒரு பொய் இருக்கிறது: வெளுத்த கல் மேடாகவும் ஈரப் பரல் பள்ளமாகவும் மாறிவிடும். சரியான உயரம் வேண்டும் என்றால் அதே இடத்தை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி நாற்பது ஐம்பது படம் எடுத்து மெஷ்ரூம் மாதிரி இலவச மென்பொருளில் முப்பரிமாணமாக்கி, பிளெண்டரில் தட்டையான பலகைக்கு பேக் செய்யுங்கள் (அதன் விவரத்தைப் படமாகப் பதியுங்கள்). நேரம் பிடிக்கும், பலன் உண்டு. மாலைச் சூரியன் சாய்ந்து விழும் காட்சியில் தரையை உண்மையாக்குவது நிறத்தைவிட நார்மல்தான்.

அடி நார்மலையும் டீட்டெயில் நார்மலையும் சராசரி எடுத்துக் கலக்காதீர்கள், இரண்டும் தட்டையாகிவிடும். எளிய வழி: எக்ஸ், ஒய் இரண்டையும் கூட்டி, இசட்களைப் பெருக்கி, நார்மலைஸ் செய்வது (நீளத்தை 1 ஆக்குவது). இன்னும் துல்லியமாக வேண்டும் என்றால் கோலின் பாரே-பிரிஸ்பாவும் ஸ்டீபன் ஹில்லும் 2012-ல் விளக்கிய, டீட்டெயில் நார்மலை அடி நார்மலின் திசைக்குச் சாய்க்கும் முறை இருக்கிறது. அன்ரியலில் 'பிளெண்ட் ஆங்கிள் கரெக்டட் நார்மல்ஸ்' என்று தயாராகவே உண்டு. நார்மல் மேப்பின் பச்சைச் சேனலைக் கவனியுங்கள், அதன் திசை எஞ்சினுக்கு எஞ்சின் மாறும்: அன்ரியல் டைரக்ட்எக்ஸ் முறை, யூனிட்டியும் கோடோவும் ஓபன்ஜிஎல் முறை. மாறிப்போனால் ஒரு திசை வெளிச்சத்தில் பரலெல்லாம் குழியாகத் தெரியும்.

திரும்பத் திரும்ப வருவதை மறைப்பது

2 மீட்டர் டைல் ஒன்று மட்டும் இருந்தால் 15 மீட்டர் தூரத்தில் தரை வெறுமையாகிவிடும், 25 சென்டிமீட்டர் பிக்சல்கள் அங்கே இன்னும் போதாது. நடுவில் ஒரு அளவு வேண்டும். 17 மீட்டர் டைலில், 10 சென்டிமீட்டர் முதல் ஒன்றரை மீட்டர் வரையான ஏற்ற இறக்கம் உள்ள இன்னொரு சாம்பல் படம், இதுவும் சராசரி 128. இதை மெட்டீரியல் மேக்கர் மாதிரி இலவசக் கருவியில் நாய்ஸ் வைத்தே செய்துவிடலாம், படம் எடுக்கவேண்டியதில்லை. 16 என்று வைக்காமல் 17 என்று வைத்தது வேண்டுமென்றேதான்: 16 என்றால் எட்டாவது டைல் ஒவ்வொன்றும் பெரிய டைலின் விளிம்பில் போய் உட்கார்ந்து அதே கோலம் 16 மீட்டரிலேயே திரும்பும், 17 என்றால் அது 34 மீட்டருக்குத் தள்ளிப்போகும். இரண்டில் ஒன்றை 37 டிகிரி மாதிரி ஒரு கோணத்தில் திருப்பியும் விடுங்கள்.

இந்த இரண்டு அளவும் பெரும்பாலான நிலத்துக்குப் போதும். இதற்கு மேலும் கட்டம் தெரிகிறது என்றால் மார்ட்டன் மிக்கல்சன் 2022-ல் வெளியிட்ட அறுகோண டைலிங் முறையைப் பாருங்கள், மூன்று முறை படிக்கும் செலவு உண்டு, ஆனால் திரும்ப வருவது கிட்டத்தட்ட ஒழிந்துவிடும்.

சரிவும் மொபைலும்

மேலிருந்து கீழே விழும் யூவி (படத்தின் எந்தப் புள்ளி தரையின் எந்த இடத்தில் என்று சொல்லும் எண்கள்) செங்குத்தான இடத்தில் இழுபடும். 60 டிகிரி சரிவில் சரியாக இரண்டு மடங்கு. அங்கே மூன்று திசையில் இருந்தும் டெக்ஸ்சரை விழவைத்து நார்மலின் அளவுக்கு ஏற்பக் கலக்கும் டிரைபிளேனர் முறைதான் வழி. நிலம் முழுவதுக்கும் போட்டால் ஒன்றுக்கு மூன்றாகப் படிக்க வேண்டிவரும், பாறை லேயருக்கு மட்டும் போடுங்கள்.

மொபைலில் ஏஎஸ்டிசி 6×6 சுருக்கம் டீட்டெயிலுக்குத் தாராளமாகப் போதும், பிக்சலுக்கு 3.56 பிட். அங்கே வரும் விசித்திரமான கோளாறு வேறு ஒன்று: நிலத்தின் ஒரு மூலையில் டீட்டெயில் தெளிவாக இருக்கும், எதிர் மூலைக்குப் போகப் போகக் கட்டம் கட்டமாக உடையும். ஷேடரில் யூவி ஹாஃப் (16 பிட்) துல்லியத்தில் கணக்கிடப்படுவதுதான் காரணம். 1 கிலோமீட்டரை 2 மீட்டரால் வகுத்தால் யூவி 512 வரை போகிறது, ஹாஃப் எண்களில் 512-ஐத் தாண்டினால் அடுத்த எண் 0.5 தள்ளித்தான் இருக்கிறது, அதற்கு முன்னாலேயே 256 முதல் படி 0.25. யூவியை மட்டும் முழு ஃப்ளோட்டில் கணக்கிடுங்கள், அல்லது டெரெய்ன் துண்டு ஒவ்வொன்றுக்கும் அதன் சொந்த மூலையில் இருந்து அளந்துகொள்ளுங்கள். துண்டின் பக்கம் டைல் அளவால் மீதியின்றி வகுபட வேண்டும், 64 மீட்டர் துண்டுக்கு 2 மீட்டர் டைல் சரியாக வரும், 17 மீட்டர் வராது, அந்த நடு அளவுப் படத்துக்கு மட்டும் ஃப்ளோட்டையே வைத்துக்கொள்ளுங்கள்.

சரிபார்க்கும்போது சூரியனைத் தாழ இறக்கி, டீட்டெயிலை ஆன் ஆஃப் செய்து பாருங்கள். தூரத்தில் மறைவதை மட்டும் நிறுத்திவிட்டு 30 மீட்டர் உயரத்தில் இருந்து பார்த்தால் தரையின் மொத்த நிறத்தில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியக்கூடாது. தெரிந்தால் சராசரியோ எஸ்ஆர்ஜிபி குறியோ தப்பு, அங்கே திரும்பிப் போங்கள்.